பிக்கப்பில் பிக்கப் இல்லை

எங்கள் ஊரில் பிக்கப் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று வண்டி. மற்றது அந்த வண்டிக்கு இருக்க வேண்டிய வேகம். "பிக்கப்ல பிக்கப்பே இல்ல மொதலாளி" என்று ஒரு டிரைவர் சொன்னால் ராஜபாளையத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள், பானெட்டைத் திறப்பார்கள். நான் புது லோடு வண்டி எடுத்த மறுநாள், எங்கள் டிரைவர் அண்ணாச்சி சாவியை மேசைமேல் வைத்துவிட்டு இதைத்தான் சொன்னார். ஏர் ஃபில்டரைப் பார்த்தோம். டீசலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று பங்க் வரைக்கும் சந்தேகப்பட்டோம். திருஷ்டிதான் என்று முடிவு கட்டிய என் அம்மா, முந்தின நாள் நசுக்கிய நாலு எலுமிச்சம்பழம் போதாதென்று இன்னும் நாலு எடுத்துவரச் சொன்னாள். கடைசியில் பார்த்தால், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பொத்தானை நான் அமுக்கி வைத்திருந்தேன்.

அந்தப் பொத்தான் எனக்கு அறிமுகமானது ஷோரூமில். "இதுல ரெண்டு மோடு இருக்கு சார்" என்றார் டை கட்டிய தம்பி. பக்கத்தில் நின்ற என் அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "ரோட்டுல கெடக்குற மேடு பத்தாதுன்னு வண்டிக்குள்ள வேற ரெண்டு மேடா?" என்றார். அப்போது ஊரில் எந்தத் தெருவில் பார்த்தாலும் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள், ஆகவே அப்பா கேட்டதில் தப்பில்லை. தம்பி பொறுமையாக விளக்கினார். எக்கோ மோடு போட்டால் டீசல் மிச்சம், நார்மல் மோடு போட்டால் இழுவை அதிகம், கூடவே எந்த கியரில் போக வேண்டும் என்று மீட்டரில் ஓர் அம்புக்குறி வேறு காட்டும். மிச்சம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு அவர் சொன்ன வேறு எதுவும் எனக்குள் போகவில்லை.

வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. பின்னால் நடந்த எதிலும் கம்பெனிக்குப் பங்கு கிடையாது.

லோடு வண்டிக்கு மனநிலை வந்ததே சமீபத்தில்தான். 2005-இல் எங்கள் ஊருக்கு இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டார்கள். டாடா ஏஸ் வந்தது. அதற்கு ஊர் வைத்த பெயர் குட்டியானை. 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைச் சக்தி. அதில் மோடு கிடையாது. ஹாரனும் ஹெட்லைட்டும் வேலை செய்தால் அதுவே மோடு. பஞ்சு, பாத்திரம், பந்தல் சாமான், பெண் வீட்டுச் சீர்வரிசை என்று எதை ஏற்றினாலும் அதே 16 குதிரைகள் அதே முனகலோடு இழுத்தன. அப்புறம் 2019-இல் டாடா இன்ட்ரா வந்தபோது அதில் எக்கோ சுவிட்சும் கியர் அம்புக்குறியும் இருந்தன. 14 வருடத்தில் யானைக்கு மூட் வந்துவிட்டது. இந்த வியாதிக்குக் கார்க்காரர்கள்தான் முன்னோடி. லேண்ட் ரோவர் 2004-இல் டிஸ்கவரி-3 காரில் புல், சேறு, மணல், பாறை என்று படம் போட்ட ஒரு குமிழையே வைத்துவிட்டது. அமெரிக்காவில் ஃபோர்டு ராப்டர் பிக்கப்பில் பாஹா என்று ஒரு மோடு. மெக்சிகோவில் பாலைவன ரேஸ் நடக்கிற இடத்தின் பெயர் அது.

எங்கள் வண்டிக்குப் பாலைவனம் இல்லை. முடங்கியார் ரோட்டில் அய்யனார் கோயில் போகிற வழியில், குத்தகைக்கு எடுத்த ஒரு மாந்தோப்பு இருக்கிறது. சித்திரை, வைகாசியில் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் ஏறும். சீசன் முடிந்தால் தேங்காய். அதுவும் ஓய்ந்தால் சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணி பேல். எப்போதாவது வில்லிபுத்தூர் பால்கோவாக்காரர் ஒருவருக்கு விறகு. எல்லா லோடுக்கும் டிரைவர் அண்ணாச்சிதான்.

அண்ணாச்சி எட்டாவது வரை படித்தவர். பொத்தானில் எழுதியிருந்த மூன்று இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்தார். ஈ, சி, ஓ. "ஈகோவா?" என்றார். நான் திருத்தினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வண்டியில் அது ஈகோ மோடுதான். "மொதலாளி, கொஞ்சம் ஈகோவ எடுத்து விடுங்க, மேடு வருது" என்று நாலு பேர் முன்னால் அவர் சொல்லும்போது கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பொத்தான் உண்மையில் என்ன செய்கிறது என்று சொல்லிக்கொடுத்தவர் தென்காசி ரோட்டு மெக்கானிக். முன்பெல்லாம் ஆக்ஸிலரேட்டருக்கு ஒரு கேபிள் இருக்கும். மிதித்தால் கேபிள் இழுக்கும், பம்ப் டீசலை விடும். காலுக்கும் பம்புக்கும் நடுவே மூன்றாம் ஆள் கிடையாது. இப்போது மிதியில் ஒரு சென்சார். நீங்கள் எவ்வளவு மிதித்தீர்கள் என்பதை அது இசியூ என்ற பெட்டிக்குத் தெரிவிக்கும். எவ்வளவு டீசல் விடலாம் என்பதைப் பெட்டி முடிவு செய்யும். "அந்தக் காலத்துல மிதிச்சா உத்தரவு அண்ணாச்சி. இப்ப மிதிச்சா மனு" என்றார் மெக்கானிக், கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே. "ஈகோ போட்டீகன்னா மனுவ வாங்கிக்கிடும், பாதிதான் சாங்ஷன் பண்ணும்."

அவரும் ஈகோ என்றுதான் சொன்னார். நான் விட்டுவிட்டேன்.

பாதி சாங்ஷன் என்பது சமதரையில் நல்ல ஏற்பாடு. காலியாகவோ அரை லோடிலோ போகிறவனுக்கு முழு இழுவை எதற்கு? தேவையில்லாமல் உறுமுவதை அது அடக்கி வைக்கும். ஆனால் ஒரு டிரைவர் பாதி சாங்ஷன் ஆகிற மனுவை எப்படி எழுதுவார்? இரட்டிப்பாக எழுதுவார். இதை நான் நோட்டுப் போட்டுக் கண்டுபிடித்தேன். 15 நாள் எக்கோ, 15 நாள் நார்மல். டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பி, கால்குலேட்டரில் வகுத்தேன். எக்கோவில் லிட்டருக்கு 14.1. நார்மலில் 14.0. எக்கோ போட்டிருந்த நாளெல்லாம் அண்ணாச்சி மிதியைத் தரையோடு தரையாக அமுக்கி ஓட்டியிருக்கிறார். பெட்டி பாதியாக வெட்ட வெட்ட, அவர் இரண்டு மடங்கு கேட்டிருக்கிறார். எனக்கு வந்த லாபம் ஒரு கோடு போட்ட நோட்டு.

அவர்மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. டீசல் காசு என்னுடையது. அவருக்கு டிரிப்புக்கு இவ்வளவு என்று பேட்டா. நேரத்தோடு போய் நேரத்தோடு திரும்பினால் அன்றைக்கே இன்னொரு டிரிப். ஆகவே எக்கோ என்பது முதலாளி மோடு, நார்மல் என்பது டிரைவர் மோடு. நான் கேபினில் ஏறியதும் பொத்தானை அமுக்குவேன். மீட்டரில் பச்சையாக ஒரு விளக்கு எரியும். பஞ்சு மார்க்கெட்டில் நான் இறங்கிக் கதவைச் சாத்துவதற்குள் உள்ளே டொக் என்று ஒரு சத்தம் கேட்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். அவரும் பார்க்க மாட்டார். பெரிய பெரிய மில்லில் எல்லாம் இதற்குச் சங்கம் வைத்துப் பேசுவார்கள். எங்களுக்கு ஒரு பொத்தான் போதுமாக இருந்தது.

அந்த வைகாசியில் அண்ணாச்சி குலதெய்வக் கோயிலுக்கு மூன்று நாள் லீவு சொல்லிவிட்டுப் போனார். புனலூர் பார்ட்டி 60 டிரே மாம்பழம் காலையிலேயே வேண்டும் என்றார். டிரேக்கு 20 கிலோ. 1,200 கிலோ. ஆர்சி புத்தகத்தில் இருக்கிற கணக்குக்கு உள்ளேதான், என் மச்சினனைச் சேர்க்காமல். அவனைச் சேர்த்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். "அத்தான், நான் கூட வாரேன், தூங்கிராம பாத்துக்கிடுறேன்" என்று அதிகாலை 3 மணிக்கு ஏறினவன், சிவகிரி வருவதற்குள் குறட்டை விட ஆரம்பித்தான்.

ஸ்டீயரிங் என் கையில். டீசல் என் காசு. எக்கோ மோடு போட ஆட்சேபிக்க ஆள் இல்லை. வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ரோடு சமமாக ஓடியது. இருட்டில் அந்தப் பச்சை விளக்கு சாமி படத்துக்கு முன்னால் எரிகிற ஜீரோ வாட் பல்பு மாதிரி இருந்தது. அம்புக்குறி மேலே காட்டினால் கியரைக் கூட்டினேன். கீழே காட்டினால் குறைத்தேன். தென்காசி வந்தபோது மீட்டர் லிட்டருக்கு 16-க்கு மேல் காட்டியது. இத்தனை வருடம் அண்ணாச்சி குடித்த டீசலை மனதுக்குள் கூட்டிப் பார்த்து, ஒரு பவுன் நகை வரைக்கும் வந்துவிட்டேன்.

செங்கோட்டை தாண்டிப் புளியரை. கேரளாவுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே எஸ் வளைவு. ரோடு ஓர் எழுத்தைப் போட்டுக்கொண்டு மலைமேல் ஏறும். வைக்கோல், காய்கறி, சிமெண்ட், செங்கல் என்று தமிழ்நாட்டில் விளைகிற, செய்கிற பாதிப் பொருள் வரிசையாக அந்த எழுத்தின்மேல் ஏறிக்கொண்டிருக்கும். நானும் வரிசையில் சேர்ந்தேன். இரண்டாவது கியரில் வண்டி முக்கிக்கொண்டு ஏறியது. அந்த நேரம் பார்த்து அம்புக்குறி மேலே காட்டியது. எந்த எக்கோ மூளைக்கும் கியரைக் கூட்டினால் சிக்கனம் என்றுதான் புத்தி போகும். முன்னால் வளைவு இருப்பது அதற்குத் தெரியாது. 60 டிரே மாம்பழமும் ஒரு மச்சினனும் பின்னுக்கு இழுப்பதும் தெரியாது. அதற்குத் தெரியாததைச் சொல்லவே கேபினில் ஒரு மனிதனை உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த மனிதன் மூன்றாவது கியரைப் போட்டான்.

வண்டி ஒரு கேவல் கேவியது. அப்புறம் நின்றது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டேன், மறுபடி நின்றது. இன்னொரு தடவை. மிதியைத் தரை வரை அமுக்கினேன். மனு பெட்டிக்குப் போனது, பெட்டி பாதியை வெட்டியது. கிளட்ச் தீய்கிற வாசனை மாம்பழ வாசனையோடு கலந்து கேபினுக்குள் வந்தது. பின்னால் பதினைந்து, இருபது வண்டி இருக்கும். ஒருவர் ஹாரன் அடித்தார், அப்புறம் எல்லாரும் அடித்தார்கள். மச்சினன் கண் விழித்து, "புனலூர் வந்திருச்சா அத்தான்?" என்றான்.

நேர் பின்னால் நின்ற சிமெண்ட் லாரியிலிருந்து டிரைவர் இறங்கி நடந்து வந்தார். கைலி, தோளில் துண்டு, காதில் ஒரு பீடி. திட்டப் போகிறார் என்று நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை தயார் செய்து வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டு, மீட்டரில் எரிந்த பச்சை விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் நெஞ்சுக்குக் குறுக்கே கையை நீட்டி அந்தப் பொத்தானை அமுக்கினார். விளக்கு அணைந்தது. "இனிப் போங்க" என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்தபடி திரும்பி நடந்தார்.

வண்டி ஏறியது.

ஆரியங்காவு தாண்டித் தென்மலைப் பக்கம் இறக்கம். மச்சினனுக்குத் தூக்கம் தெளிந்து அறிவு பெருகியிருந்தது. "நியூட்ரல்ல விடுங்க அத்தான், டீசல் மிச்சம்" என்றான். இதை நம்பாத ஆள் நம் பக்கம் குறைவு. கேபிள் காலத்து ஞானம் இது. இப்போதைய எஞ்சினில் கியரிலேயே இருந்து மிதியிலிருந்து காலை எடுத்தால், சக்கரம் எஞ்சினைச் சுற்றுகிறது, பெட்டி டீசலை அடியோடு நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் நின்றுவிடாமல் இருக்கக் கொஞ்சம் டீசலைக் குடித்துக்கொண்டே வரும். அதாவது, உயிரைப் பணயம் வைத்து நஷ்டப்படுகிறோம். கியர் பிடிக்காத வண்டியை இறக்கம் முழுக்க பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். சூடேறினால் அதுவும் கைவிட்டுவிடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஜோக் அடிப்பதில்லை. மச்சினனிடமும் அடிக்கவில்லை. அவன் புனலூர் வரை பேசவில்லை.

நாலு சக்கர டிரைவ் உள்ளவர்கள் கதை வேறு. என் பெரியப்பா மகன் ஒருவர், வளைகுடாவில் சம்பாதித்து வந்து, ஏணி வைத்து ஏற வேண்டிய ஒரு பிக்கப் வாங்கினார். அதில் ஒரு குமிழ், 2எச், 4எச், 4எல். முதலாவதில் பின் சக்கரம் இரண்டு மட்டும் இழுக்கும். இரண்டாவதில் நாலும் இழுக்கும். மூன்றாவதில் நாலும் சேர்ந்து மெதுவாக, ஆனால் கொம்பு சீவின காளை மாதிரி இழுக்கும், அதற்கு வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்துத்தான் மாற்ற வேண்டும். அவர் ஊருக்குள் காட்டுவதற்காக 4எச் போட்டுக்கொண்டு காய்ந்த தார் ரோட்டில் முக்கில் திருப்பினார். திரும்பும்போது முன் சக்கரம் அதிக தூரம் சுற்ற வேண்டும், பின் சக்கரம் குறைவாகச் சுற்ற வேண்டும். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டால் என்ன ஆகும்? கூட்டுக் குடும்பம் ஆகும். டயர் கீச்சிட்டு, வண்டி முரண்டு பிடித்து, சோடாக் கடைக்காரர் எழுந்து வெளியே வந்துவிட்டார். அப்புறம் ஒரு மழை நாளில் தோப்புக்குப் போகிற ஓடை மணலில், எங்கே 4எல் போட வேண்டுமோ அங்கே, 2எச்-சில் இறங்கி அச்சு வரை புதைந்தார். இழுத்து வெளியே விட்டது ஒரு பழைய டிராக்டர். அதில் குமிழ் இல்லை. அதன் ஓனரிடம் மட்டும் இரண்டு மோடு இருந்தது, ரொக்கம் ஒன்று, ஜிபே ஒன்று.

ஆடிப்பூரத்தன்று நானும் அண்ணாச்சியும் வில்லிபுத்தூரில் மாட்டிக்கொண்டோம். பால்கோவாக்காரருக்கு விறகு இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள் ரத வீதியில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஆண்டாள் தேரைப் பார்த்தோம். முன்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வடம் பிடித்த கூட்டம். பின்னால் தடி போட்டு நெம்புகிறவர்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில், தேர் நகர நகர முட்டுக்கட்டையோடு கூடவே ஓடுகிற சில பேர். கட்டையைச் சக்கரத்தடியில் ஒரு சாய்வில் சொருகினால் தேர் அந்தப் பக்கம் திரும்பும். முழுசாகச் சொருகினால் நிற்கும். கை ஒரு விரல்கடை தப்பினால் கை இல்லை. அண்ணாச்சி ரொம்ப நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இழுக்கிறவுக எத்தன பேரு இருந்தா என்ன மொதலாளி? கட்டை போடுறவன் மனசு வைக்கணும்லா" என்றார்.

எனக்குப் புனலூர் டிரிப்பும் தென்காசி வரை கிடைத்த 16-ம் ஞாபகம் வந்தது. அதே வண்டி, அதே பொத்தான். டீசலுக்குக் காசு கொடுக்கிறவன் கால் மிதியில் இருந்தது, அவ்வளவுதான். அங்கேயே, தேர் எங்களைக் கடந்து போகும்போதே, பேசி முடித்தோம். மாதாமாதம் லிட்டருக்கு 14-க்கு மேல் எவ்வளவு வருகிறதோ, அதில் மிச்சமாகிற டீசலில் பாதிக் காசு அண்ணாச்சிக்கு. பேட்டா தனி. அவர் முதலில் நம்பவில்லை. "நோட்டுல எழுதுவீகளா?" என்றார். அந்தக் கோடு போட்ட நோட்டுக்குக் கடைசியில் ஒரு வேலை வந்தது.

முதல் மாதம் 15.3. அடுத்த மாதம் 15.8. டயரில் காற்று குறைந்தால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிகிறது. சிக்னல் தூரத்தில் சிவப்பானால் இங்கேயே மிதியிலிருந்து கால் எழும்புகிறது. காலி வண்டியில் தார்ப்பாயும் கயிறும் நாலு ஓட்டை டிரேயும் சுமந்து திரிந்ததை எல்லாம் இறக்கி வைத்துவிட்டார். பஞ்சு மார்க்கெட்டில் நான் இறங்கும்போது டொக் சத்தம் கேட்பதில்லை. கேட்டாலும் யாருக்கும் அதில் அக்கறை இல்லை.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, மாலை போட்டு, ஸ்டீயரிங், கியர் ராடு, சாவித் துவாரம் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார் அண்ணாச்சி. பொத்தானுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தார். சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து, பொத்தான் இப்போது மேலேயும் வராது, கீழேயும் போகாது. பச்சை விளக்கு எரிகிற இடத்தில் அய்யனார் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, அதைப் பிய்க்க இரண்டு பேருக்கும் துணிவு இல்லை. வண்டி எந்த மோடில் ஓடுகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. போன மாதம் லிட்டருக்கு 16.1.